நிக்காஹ் பதிவேடும் ஓய்வூதியப் பேரேடும்

சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லியைத் திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என வைணவ அன்பர்கள் போற்றுவர். இவ்வூரில் பழமை வாய்ந்த பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. கோல்கொண்டாவின் சுல்தான் அப்துல்லாஹ் குதுப் ஷா ஆட்சிக்காலத்தில், 1653-ஆம் ஆண்டு, அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகார் என்பாரின் மகன் ருஸ்தம் அதனை எழுப்பினார் என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது. அச்செய்தி பாரசீகத்தில் மட்டுமின்றித் தெலுங்கிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கட்டியவர் பெயர், தந்தையின் பெயர், பூர்வீக ஊர், ஆண்டு ஆகிய நான்கும் இருப்பதால், 370 ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர் யார் என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை.

இக்கல்வெட்டை நாம் பலமுறை மாணவர்களுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருளை முழுதாக உணர்ந்தது, அண்மையில் ஒரு கைம்பெண் தம் மகனுடன் நம் இல்லம் தேடி வந்த நாளில்தான். அவருடைய கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் ஓட்டுநராகப் பணியாற்றிப் பணிக்காலத்திலேயே வஃபாத்தானவர். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள்களை முடித்துக்கொண்டு, குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்க அவர் புறப்பட்டபோது, "நீங்கள்தான் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி எழுந்தது. கணவரின் பணிப்பதிவேட்டில் நியமனதாரராக இருந்தவர் என்றோ இறந்துபோன அவருடைய தாயார். அதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எஞ்சியிருந்தது, 1990-களின் தொடக்கத்தில் புறநகர்ப் பள்ளிவாசல் ஒன்றின் நிக்காஹ் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு பக்கம். அதன் நகலை நம்மிடம் நீட்டி, "ஹஜ்ரத், இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

நம் கையெழுத்தேதான். பட்டம் பெற்ற புதிதில் அப்பள்ளியில் சில காலம் துணை இமாமாக இருந்தபோது நாம் எழுதியது. மணமகன் பெயர் வீட்டில் அழைக்கும் செல்லப்பெயராக இருந்தது. மணமகளின் பெயரோ இல்லவே இல்லை. இன்னாருடைய மூத்த மகள் என்று மட்டும் எழுதியிருந்தோம். அன்றைய வழக்கம் அது. ஆனால் வழக்கம் என்று சொல்லி நாம் தப்பிவிட முடியுமா? அக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அரசு தன் ஊழியருக்கும் அவருடைய குடும்பத்திற்கும் உதவித்தொகை வழங்க முற்படும்போதெல்லாம், மனைவி யார், மக்கள் யார், திருமணம் என்பது எது என்ற வினாக்கள் பின்தொடர்ந்து வந்திருக்கின்றன. இது இக்காலத்துப் புதுமையன்று. இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே இதன் தொடக்கத்தைக் காண்கிறோம்.

உமர் (ரலி) அவர்களின் திவான்

போரின்றிக் கிடைத்த பொதுச் செல்வம் வந்து சேரும்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்றைய தினமே அதைப் பங்கிட்டுவிடுவார்கள் என்றும், குடும்பம் உடையவருக்கு இரு பங்கும் தனித்திருப்பவருக்கு ஒரு பங்கும் அளித்தார்கள் என்றும் அபூதாவூதில் இடம்பெற்ற அறிவிப்பு கூறுகிறது. பொதுப்பணியில் அமர்த்தப்பட்டவருக்கு மனைவி இல்லையெனில் மணம் முடித்துக்கொள்ளவும், பணியாளும் வீடும் இல்லையெனில் அவற்றைப் பெறவும் பொது நிதியிலிருந்து இடமளித்த அறிவிப்பும் அதே தொகுப்பில் உண்டு. அரசு ஊழியரின் இல்வாழ்வுத் தேவை பொது நிதியின் கவலைக்குரியது என்னும் கோட்பாடு இவற்றிலிருந்து பிறக்கிறது.

இக்கோட்பாட்டைப் பதிவேடாக்கியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 15 என்றும் 20 என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் ஆண்டில் அவர்கள் 'திவான்' என்னும் பேரேட்டை நிறுவினார்கள். வமிசாவளி அறிவில் தேர்ந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவர் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதினர். பத்ரில் கலந்துகொண்டோருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். அன்னையர் ஒவ்வொருவருக்கும் 10,000, ஆயிஷா (ரலி) அவர்களுக்கு 12,000. இவ்வாறு தொகைகள் வகுக்கப்பட்டதை அபூயூசுஃபின் கிதாபுல் கராஜும் பலாதுரீயின் ஃபுதூஹுல் புல்தானும் விரித்துரைக்கின்றன.

அத்திவானில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பெயர் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). அவர்களுக்கு 1,000 திர்ஹம் விதிக்கப்பட்டது. மூத்தாவில் ஷஹீதான ஜஃபர் (ரலி) அவர்களின் மனைவியாக இருந்து, பின் அபூபக்ர் (ரலி) அவர்களை மணந்து, அவர்களும் மறைந்தபின் அலீ (ரலி) அவர்களை மணந்தவர்கள். அத்தொகை அவர்களுடைய ஹிஜ்ரத்தின் சிறப்புக்காக, அவர்கள் பெயரிலேயே எழுதப்பட்டது. கணவர் மாறியதால் அப்பெயர் அழியவில்லை. இன்னாரின் மனைவி என்றோ இன்னாரின் மகள் என்றோ மட்டும் எழுதி, திவானின் எழுத்தர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

திவானில் ஒரு திருத்தமும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை விதிக்கப்பட்டிருந்தது. நகருக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தை இரவில் காவல் காத்துக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு, தாயிடம் காரணம் வினவினார்கள். கேட்பவர் கலீஃபா என்பதை அறியாத அத்தாய், தொகை விரைவில் கிடைப்பதற்காகக் குழந்தைக்குப் பாலை நிறுத்த முயல்வதாகச் சொன்னார். மறுநாளே, பிறந்த குழந்தைக்கும் தொகை உண்டு என்று ஆணை பிறந்தது. நன்மையை நாடி இயற்றப்பட்ட விதியும், தகுதியின் எல்லையைப் பிழையாக வகுத்தால், மக்களைத் தமக்கே தீங்கு செய்யத் தூண்டும் என்பதை அன்றே உணர்ந்து திருத்தினார்கள்.

கும்பினியார் காலத்துக் கேள்வி

பூந்தமல்லிக்கே மீள்வோம். கும்பினியார் ஆட்சியில் இவ்வூர் படை முகாமாக விளங்கியது. ஐரோப்பியச் சிப்பாய்களும் நோயுற்ற வீரர்களும் இங்கே தங்க வைக்கப்பட்டனர். அவர்களுள் ஊனமுற்றோருக்கும் இறந்தோரின் விதவையருக்கும் உதவியது 1770-இல் ஏற்பட்ட 'கிளைவ் நிதி'. இதன் மூலதனம் எங்கிருந்து வந்தது? வங்காள நவாப் மீர் ஜாஃபர் ராபர்ட் கிளைவுக்கு விட்டுச்சென்ற 5 லட்சம் ரூபாயிலிருந்து! ஒரு முஸ்லிம் நவாபின் பணம் ஆங்கிலச் சிப்பாய்களின் விதவையருக்கு வாழ்வளித்தது.

ஆனால் விதவை என்பவர் யார்? ஐரோப்பியப் படைவீரர் பலர் இந்நாட்டுப் பெண்களுடன் குடும்பம் நடத்தினர். வீரர் இறந்தபின் அப்பெண்ணுக்கு உதவி உண்டா என்பது, அவள் எந்த இனத்தவள், எந்தச் சடங்கால் மணந்தாள், அதற்குச் சான்று உண்டா என்பவற்றைப் பொறுத்ததாயிற்று. வரலாற்றறிஞர் துர்பா கோஷ் 2006-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய குடும்பங்களின் நிலையை ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்துள்ளார். பணம் கொடுக்கும் கை, திருமணத்தின் பொருளையும் தானே வரையறுக்கத் தொடங்கியதை அங்கே காண்கிறோம்.

அதே ஆட்சியில் நம் காழிகளின் நிலையும் மாறியது. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் காழிகளை அரசு நியமிக்கும் பழைய முறையை ஒழித்தது. நிக்காஹ்வுக்குச் சான்று தருவோர் இன்றி மக்கள் இடர்ப்பட்டதால் 1880-இல் காழிகள் சட்டம் வந்தது. முதலில் அது சென்னை மாகாணத்திற்கே உரியதாக இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அதன் நான்காம் பிரிவு, காழிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இல்லை என்றும், நிக்காஹ்வுக்குக் காழியின் வருகை கட்டாயமன்று என்றும் தெளிவுபடுத்தியது. தலைமைக் காழி வழங்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துரையே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதும் இப்பிரிவின் அடிப்படையிலேயே. அவ்வழக்கைத் தொடுத்தவர் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் அவர்கள்.

நிக்காஹ்வின் பொருளைப் பற்றியும் அக்காலத்தில் விவாதம் எழுந்தது. 1886-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையத் மஹ்மூத் அவர்கள், முஸ்லிம்களின் திருமணம் ஒரு சிவில் ஒப்பந்தமே என்று தீர்ப்பெழுதினார்கள். இதில் உண்மை உண்டு. ஈஜாப், கபூல், சாட்சிகள், மஹர் ஆகிய யாவும் ஒப்பந்தத்தின் கூறுகளே. ஆயினும் இது முழு உண்மையன்று. திருமறை நிக்காஹ்வை 'மீஸாகன் கலீளா' என, உறுதிமிக்க உடன்படிக்கை என்று குறிக்கிறது. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் நிக்காஹ் பாடம் வணக்கங்களுக்கு அடுத்து, ஹஜ்ஜைத் தொடர்ந்து வருகிறது. ஷாஃபிஈ நூல்களிலோ வணிகம், வாரிசுரிமை ஆகிய பாடங்களைத் தொடர்ந்து வருகிறது. இரு மத்ஹபுகளும் தழைத்த நம் தமிழகத்தில், நிக்காஹ் வணக்கத்திற்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் இடையே நிற்பது என்பதை மாணவர் இந்த வைப்புமுறையிலிருந்தே உணர்வர். ஒன்றைமட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரு மத்ஹபுகளிலும் சாட்சிகள் இன்றியமையாதவர்கள். எழுத்து அவ்வாறன்று. மணமகளை அடையாளப்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. இன்னாரின் மூத்த மகள் என்பது அதற்குப் போதும். ஆகவே நாம் எழுதிய அப்பக்கம் ஷரீஅத்தின்படி குறையற்ற ஒரு நிக்காஹ்வைக் குறித்தது. ஆனால் அந்த நிக்காஹ்வை நிறுவ அது உதவவில்லை.

குடும்ப ஓய்வூதியம்

இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளின் 49-ஆம் விதி இதனை வகுக்கிறது. ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடையன்று, ஊழியரின் உரிமை என்று 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாளே ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

எனினும் குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்து ஆகுமா? ஆகாது என்று 1991-இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. விதிகள் யாரைக் குறிக்கின்றனவோ அவருக்கே அது சேரும். ஊழியர் தம் மரண சாசனத்தால் அதைப் பிறருக்கு எழுதிவைக்க இயலாது. இது நம் முஃப்திகள் பலரின் கருத்தோடு பொருந்தி வருவது கருதத்தக்கது. இறந்தவர் உயிரோடிருக்கையில் உடைமையாக்கிக்கொள்ளாத ஒன்று அவருடைய தரிக்காவில் சேராது. எனவே வாரிசுரிமைப் பங்கீடு அதற்கில்லை. அரசு யாருக்குக் கொடுக்கிறதோ அவருக்கே அது உரியது. மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் தமக்கும் பங்கு உண்டென மைத்துனர்கள் கேட்கும் வழக்குகள் நம் மஹல்லாக்களில் எழுவதுண்டு. அவர்கள் இதனை அறிதல் நலம்.

பல மனைவியர் இருப்பின் என்ன செய்வது? ஒன்றுக்கு மேற்பட்ட விதவையர் இருந்தால் சம பங்காகக் கொடுக்க வேண்டும் என்று ஓய்வூதிய விதி கூறுகிறது. அதே வேளையில், வாழ்க்கைத் துணை உயிரோடிருக்க மற்றொரு திருமணம் செய்வதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. மத்திய அரசின் விதியில், தனியார் சட்டம் இடமளித்து வேறு காரணங்களும் இருந்தால் அரசு அனுமதி வழங்கலாம் என்ற விலக்கு உண்டு. உத்தரப்பிரதேசத்தில் அனுமதியின்றி இரண்டாவது நிக்காஹ் செய்த நீர்ப்பாசனத் துறை ஊழியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டதை 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பலதார மணம் மார்க்கத்தின் இன்றியமையாக் கூறு அன்று என்பது அதன் வாதம். மார்க்கம் அனுமதித்ததையும் கட்டளையிட்டதையும் பிரித்தறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. நீதி செலுத்த இயலாது என அஞ்சினால் ஒருத்தியே போதும் என்பதே திருமறையின் வழிகாட்டல். ஆனால் அனுமதிக்கு அஞ்சி மறைக்கப்படும் நிக்காஹ்வால் துன்புறுபவர் ஊழியர் அல்லர். அவருக்குப் பின் எவ்வேட்டிலும் பெயரின்றி நிற்கும் அப்பெண்ணே.

இந்து சமயத்தவரிடையேயும் தமிழகம் இத்தகைய போராட்டத்தைக் கண்டது. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள், சட்டப்படி செல்லாதவை என்று 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. மனதார மணந்து வாழ்ந்தோர், சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர் ஆயினர். 1967-இல் அண்ணா அவர்களின் அரசு இயற்றிய சட்டத்திருத்தம் அக்குறையைப் போக்கியது. செல்லாத மணத்தில் பிறந்த மக்களுக்கும் குடும்ப ஓய்வூதியத்தில் பங்கு உண்டு என 2000-ஆம் ஆண்டில் ராமேஸ்வரி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தாய்க்குப் பங்கில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது.

அண்மைய விவாதங்கள்

2023 அக்டோபர் 17-இல் சுப்ரியோ வழக்கில் ஐவர் அமர்வு வழங்கிய தீர்ப்பையும் நாம் இந்த வரிசையிலேயே வைத்துக் காண வேண்டும். ஒருபாலினத்தவர் திருமண அங்கீகாரம் கோரிய அவ்வழக்கில், ஓய்வூதியம், காப்பீடு முதலிய நலன்கள் மறுக்கப்படுவது முதன்மையான வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் திருமண அங்கீகாரம் வழங்கவில்லை. ஆயினும் நலன்களைப் பற்றி ஆராய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைப்பதாக அரசு கூறியதைப் பதிவு செய்தது. நிக்காஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. நாம் இங்கே கவனிப்பது வேறொன்று. உதவித்தொகையைப் பற்றிய கேள்வியும் திருமணத்தின் வரையறையைப் பற்றிய கேள்வியும் பிரிக்கத்தக்கவை என்பதை அத்தீர்ப்பே காட்டுகிறது. ஒருவரின் பிழைப்புக்கு வழி செய்வது ஒன்று, அவருடைய உறவுக்குப் பெயரிடுவது மற்றொன்று. திவானில் பால்குடிக் குழந்தைக்குத் தொகை எழுதியபோது உமர் (ரலி) அவர்கள் தேவையையே நோக்கினார்கள்.

எகிப்தில் நிகழ்ந்ததோ இவ்விரண்டையும் குழப்பியதன் விளைவு. அங்குக் கணவரின் ஓய்வூதியம் பெறும் விதவை, மறுமணம் செய்தால் அதை இழப்பாள். ஆகவே சிலர் அரசிடம் பதியாமல் 'உர்ஃபி' நிக்காஹ் செய்துகொண்டு ஓய்வூதியத்தையும் தொடர்ந்து பெற்றனர். அவ்வாறு பெறுவது ஆகாது என்று அந்நாட்டு உலமாக்கள் அறிவித்தனர். அதே வேளையில், பதியப்படாத நிக்காஹ் குறித்த வழக்குகளை ஏற்பதற்கு 1931-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்ததால், கைவிடப்பட்ட பெண் விடுதலையும் கோர இயலாது தவித்தாள். 2000-ஆம் ஆண்டுச் சட்டமே எழுத்துச் சான்று இருப்பின் மணவிடுதலைக்கு மட்டும் வழி திறந்தது. நம் நாட்டிலும் விதவையின் மறுமணத்தோடு குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடுவதே பொதுவிதி. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின், குழந்தையற்ற விதவைக்கு மட்டும், வருமான வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு விலக்கு அளித்தது. விதவையின் மறுமணத்தை ஊக்குவிக்கும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், இவ்விலக்கு விரிவடைய வேண்டுமெனக் கோருவது பொருத்தமானது. மறைவான நிக்காஹ்வைத் தீர்வாகக் கருதுவது பொருத்தமன்று.

பதிவும் அமானிதமும்

எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என 2006-இல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதனையொட்டி 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் வந்தது. திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. அப்போது நம் சமுதாயத்தில் தயக்கமும் எதிர்ப்பும் தோன்றின. ஜமாஅத்தின் பதிவேடு நூற்றாண்டுகளாக இருக்கையில் மற்றொன்று எதற்கு என்று கேட்டோருள் நாமும் ஒருவர். இன்று அதைச் சொல்ல நாணுகிறோம். நம் பதிவேடு எப்படி இருந்தது என்பதை நம் கையெழுத்தே நமக்குக் காட்டிவிட்டது.

திருமறையின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது, சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்று அது விரிவாகக் கட்டளையிடுகிறது. சில திர்ஹம் கடனுக்கே இத்தனை கவனம் எனில், ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் தாங்கும் உடன்படிக்கைக்கு எத்தனை வேண்டும்? எழுத்து நிக்காஹ்வின் ருக்னு அன்று என்பது உண்மையே. ஆனால் சாட்சியம் ருக்னாக இருப்பதன் நோக்கம் உரிமை காக்கப்படுவதே. சாட்சிகள் மௌத்தாகிவிடுவர், தாள் நிற்கும்.

ஆதலின் முத்தவல்லிகளும் இமாம்களும் செய்ய வேண்டியன சில உள. மணமக்கள் இருவரின் முழுப்பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ளவாறே எழுதப்படல் வேண்டும். மணமகள் தம் கையால் ஒப்பமிட வேண்டும். பெற்றோர் இருவர் பெயரும், சாட்சிகளின் முகவரியும், மஹரின் அளவும், ஹிஜ்ரி நாளுடன் ஆங்கில நாளும் குறிக்கப்படல் வேண்டும். நகல் அன்றே மணமகளிடம் தரப்பட வேண்டும். 90 நாள்களுக்குள் அரசுப் பதிவையும் முடிக்குமாறு நினைவூட்ட வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் எனில், பணிப்பதிவேட்டில் குடும்ப விவரத்தைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். நிக்காஹ் குத்பாவுடன் இவ்வறிவுரையையும் சேர்த்துச் சொல்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

அச்சகோதரியின் நிக்காஹ்வுக்குச் சாட்சியாக இருந்த இருவருள் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் முதுமையால் தளர்ந்திருந்தார். அவருடைய பேரன் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். அவர் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். நாமும், அப்பக்கத்தை எழுதியவர் நாமே என்றும், அதில் மணமகளின் பெயரை விட்டது நம் பிழை என்றும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். குடும்ப அட்டையும் மகனின் பள்ளிச் சான்றிதழும் துணை நின்றன. ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தபின் ஆணை வந்தது. நிலுவையும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இனிப்புடன் வந்து அச்செய்தியைச் சொன்னபோது அவர் நம்மைக் குறை கூறவில்லை. இடைப்பட்ட மாதங்களில் நகையை அடகு வைத்ததையும், கல்லூரியில் சேர வேண்டிய மகன் ஓராண்டு கடையில் வேலைக்குச் சென்றதையும் மட்டும் பேச்சினூடே சொன்னார். நிலுவைத் தொகையால் நகை மீளும். அவ்விளைஞனின் ஓராண்டு மீளாது. அது நாம் எழுதாமல் விட்ட ஒரு பெயரின் விலை. அப்பெயரை இப்போது அப்பள்ளியின் பதிவேட்டில், பழைய வரிக்குக் கீழே, நிர்வாகத்தாரின் ஒப்புதலோடும் அன்றைய தேதியோடும் எழுதியிருக்கிறோம். அதே ஏட்டில் நம் கையெழுத்தில் இன்னும் பல பக்கங்கள் உள்ளன. இன்ஷா அல்லாஹ், அவற்றிலுள்ள வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லத் தொடங்கியுள்ளோம்.